உதிர மறுக்கும் கலம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் நல அமர்வில் நான் ஆற்றிய உரை. மண்டபத்துக்கு வர முடியாமல் தூர தேசங்களில் இருக்கும் சகோதரிகளுக்காகச் சில விளக்கங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.)



உயர்தர வகுப்பில் எங்கள் உயிரியல் டீச்சர் கலப் பிரிவைக் கரும்பலகையில் நிறச் சோக்கால் வரைவார். ஒரு கலம் இரண்டாவதை, நிறமூர்த்தங்கள் இழுபட்டுப் போவதை, நாங்கள் திரும்பத் திரும்ப வரைந்து பழக வேண்டும். கலம் எப்படிப் பிறக்கிறது என்று அவ்வளவு படித்தோம். அது எப்படி இறக்கிறது என்று படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. டீச்சர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடு அந்த விடுபட்ட பாடத்தை இன்று நான் எடுக்கிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள அந்தப் பாடம் வேண்டும்.

பலாபத்வலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கொக்கோ மரம் நின்றது. காலையில் முற்றம் கூட்டுவது என் வேலை. நேற்றுக் கூட்டிய இடத்தில் இன்றும் இலை கிடக்கும். பழுத்த இலை காற்று பலமாக வீசியதால் மட்டும் விழுவதில்லை. காம்பின் அடியில் மரமே ஒரு மெல்லிய படையைப் பிரித்துவிட, இலை தானாகக் கழன்று விழுகிறது. நமது உடலிலும் பழுதான கலம், வேலை முடிந்த கலம், கிருமி புகுந்த கலம் எல்லாம் இப்படித்தான் ஒழுங்காகத் தம்மை முடித்துக்கொள்கின்றன. 1972இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் பணியாற்றிய மூன்று நோயியல் வல்லுநர்கள் இதற்கு 'அப்பொப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் அது மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். நாம் அதைக் கலத்தின் திட்டமிட்ட இறப்பு என்று சொல்லலாம். அது நடக்கும்வரை உடல் நலமாக இருக்கிறது. உதிர வேண்டிய கலம் உதிர மறுத்துப் பெருகத் தொடங்கினால், அதுதான் புற்றுநோயின் தொடக்கம்.

இனி வைரசுக்கு வருவோம். ஹியூமன் பப்பிலோமா வைரசு, சுருக்கமாக எச்.பி.வி., ஒரே ஒரு வைரசு அல்ல. 200க்கு மேற்பட்ட வகைகளைக் கொண்ட பெரிய குடும்பம். சில வகைகள் கையிலும் காலிலும் மரு உண்டாக்குகின்றன. 6ஆம், 11ஆம் வகைகள் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும். தொல்லைதான், ஆனால் புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஏறக்குறைய 14 வகைகள் ஆபத்து மிக்கவை. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணம். 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் இந்தப் புற்றுநோயில் கண்டறிந்தது ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசனின் குழு. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒன்று மருவோடு நிற்க, மற்றது உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போவது ஏன்? விடை, அவை கலத்தின் இறப்பை எப்படிக் கையாளுகின்றன என்பதில் இருக்கிறது.

எச்.பி.வி. மிகச் சிறியது. தன்னைப் பிரதி எடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் இல்லை. பிரிந்துகொண்டிருக்கும் கலத்தின் கருவிகளைத்தான் இரவல் வாங்க வேண்டும். ஆனால் அது வளரும் மேற்படையிலே கலங்கள் மேலே வர வரப் பிரிவதை நிறுத்திவிடும், பின்னர் உதிர்ந்துவிடும். ஆகவே நிற்கப் பார்க்கும் கலத்தை நிற்கவிடாமல் ஓடவைப்பது வைரசின் தேவை. அதற்காக இரண்டு புரதங்களைச் செய்கிறது. அவற்றின் பெயர் ஈ6, ஈ7.

நம் பாடசாலையையே எடுத்துக்கொள்வோம். கேற்றில் ஒரு பூட்டு. உள்ளே ஒழுங்கைப் பார்க்க ஒரு தலைமை மாணவத் தலைவி. கலத்திலும் அப்படித்தான். ஆர்பி என்ற புரதம் பூட்டு; நேரம் வராமல் கலத்தைப் பிரியவிடாது. பி53 என்ற புரதம் மாணவத் தலைவி. டி.என்.ஏ.யில் பழுது கண்டால் 'நில், திருத்து' என்று சொல்லும். திருத்த முடியாவிட்டால் 'உதிர்ந்துவிடு' என்று கட்டளையிடும். வைரசின் ஈ7 புரதம் ஆர்பி என்ற பூட்டைத் திறந்துவிடுகிறது. கலம் நேரங்கெட்ட நேரத்தில் பிரியத் தொடங்குகிறது. பி53 அதைக் கண்டுபிடித்து அந்தக் கலத்தை முடிக்கப் பார்க்கும். வைரசுக்கு அது கட்டாது. அதனால்தான் இரண்டாவது புரதமான ஈ6 தேவைப்படுகிறது. ஈ6, கலத்தினுள்ளே ஏற்கெனவே உள்ள ஒரு நொதியைத் துணைக்குப் பிடித்து, பி53இன் முதுகில் 'குப்பை' என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுகிறது. கலத்தின் கழிவகற்றும் இயந்திரம் சீட்டைப் பார்த்து பி53ஐ அரைத்துத் தள்ளிவிடுகிறது. மாணவத் தலைவியைப் பாடசாலையின் சொந்தப் பணியாட்களைக் கொண்டே வெளியேற்றிய மாதிரி.

இந்த இரண்டு வேலைகளையும் திறமையாகச் செய்பவை 16, 18 போன்ற வகைகள். 6ஆம், 11ஆம் வகைகளின் ஈ7 பூட்டைத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. அவற்றின் ஈ6 பி53ஐ அழிப்பதில்லை. அதனால் கலங்கள் கொஞ்சம் பெருகி மருவாக நிற்கின்றன. ஒழுங்கு முற்றாகக் குலைவதில்லை. ஆபத்தான வகைகளின் ஈ6 இன்னொன்றும் செய்கிறது: ஒவ்வொரு பிரிவிலும் தேய்ந்து போகும் நிறமூர்த்த முனைகளைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் என்ற நொதியைத் தூண்டிவிடுகிறது. அப்படியானால் அந்தக் கலத்துக்கு முதுமையும் இல்லை, சாவும் இல்லை.

இவ்வளவு நடந்தாலும் அது இன்னும் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் வைரசின் நோக்கமும் அல்ல. அதனால் வைரசுக்கு ஒரு இலாபமும் இல்லை. வைரசிடம் ஈ6, ஈ7 இரண்டையும் அளவோடு வைத்திருக்க ஈ2 என்ற கடிவாளம் ஒன்று உண்டு. சில பெண்களில், வருடங்கள் போன பின், வளையமாக இருக்கும் வைரசின் டி.என்.ஏ. உடைந்து நமது நிறமூர்த்தத்துக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. அப்போது பெரும்பாலும் ஈ2 பகுதி சிதைந்து போகும். கடிவாளம் அறுந்ததும் ஈ6, ஈ7 அளவில்லாமல் பெருகும். பழுதான டி.என்.ஏ.யோடு கலங்கள் இறக்காமல் பிரிந்துகொண்டே இருக்கும்; பழுதுக்கு மேல் பழுது சேரும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் புற்றுநோய்.

இரண்டு வகைகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நான் எப்போதும் சொல்வேன். 16ஆம் வகைதான் அதிகம் காணப்படுவது. நீண்ட காலம் விடாமல் தங்குவதும் அது. 18ஆம் வகை கருப்பைக் கழுத்தின் உட்குழாயிலுள்ள சுரப்பிக் கலங்களைத் தாக்குவதில் கூடுதலாகக் காணப்படுகிறது. உள்ளே ஒளிந்திருப்பதால் பாப் பரிசோதனையில் அது சில வேளை தவறிவிடலாம். வைரசையே தேடும் எச்.பி.வி. பரிசோதனையின் மதிப்பு இங்கேதான்.

இப்போது காலக் கணக்கு. இதை மட்டும் ஞாபகம் வைத்தாலும் போதும். எச்.பி.வி. தொற்று மிகச் சாதாரணம். திருமண வாழ்க்கையில் ஈடுபட்ட ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது வந்து போகும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடங்களுக்குள் உடலே அதைத் துரத்திவிடும். தங்கிவிட்டவர்களில்கூட அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்து பல்கலைக்கழகத்தை எட்டிப்பிடிக்கும் காலம். அவ்வளவு நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை. அந்த அவகாசத்தைத் தின்று தீர்ப்பது நமது மௌனம்.

அதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

என் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பலாபத்வலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். எனக்குப் பேராதனை மருத்துவ பீடம் கிடைத்தபோது முதல் ஸ்டெதஸ்கோப் வாங்கக் காசு தந்தவர் அவர். நான் வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அவரும் இறங்கி வருவார். என் உடுப்புகளைக் கழுவிப் போடுவார். அந்த வருடம் எங்களுக்கு நோயியல் விரிவுரைகள். மேசையில் பி53 பற்றிய குறிப்புகளை விரித்து வைத்து, ஈ6, ஈ7 என்று சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருப்பேன். பெரியம்மா பக்கத்தில் இருந்து, "என்னத்தம்மா இவ்வளவு படிக்கிறே?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அவருக்கு மாதவிடாய் நின்று ஐந்து வருடமாகியிருந்தது. ஆனாலும் திரும்ப இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் ஐந்தும் சுற்றி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாராம். பிறகு மகளின் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தாராம். கண்டியில் வைத்தியர் பார்த்தபோது நோய் இடுப்பு எலும்புவரை பரவியிருந்தது. கதிர்ச் சிகிச்சைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒரு நாள் கேட்டேன், "ஏன் பெரியம்மா என்கிட்டயாவது சொல்லல?" அவர் சொன்னார், "நீ படிக்கிற பிள்ளை, உன்கிட்ட இதெல்லாம் சொல்றதா?"

அவரை நான் குறை சொல்ல முடியாது. அவர் சொல்லவில்லை, வைத்தியம் படித்த நானும் கேட்கவில்லை. 1996இலிருந்தே நம் நாட்டில் வெல் வுமன் கிளினிக் நடந்துவந்தது. அது பற்றி எங்கள் வீட்டில் ஒரு நாளும் பேச்சு எழவில்லை. பெரியம்மா 56 வயதில் போய்விட்டார்.

விஞ்ஞானம் இந்தக் கதையில் எங்கே நம்பிக்கை தருகிறது என்றும் சொல்ல வேண்டும். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய், ஐந்து பிள்ளைகளின் அம்மா, 31 வயதில் இதே புற்றுநோயால் இறந்தார். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட கலங்கள் இன்றும் உலக ஆய்வுகூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது 18ஆம் வகை எச்.பி.வி. 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கலங்களுக்குள் ஈ2 என்ற கடிவாளத்தைத் திரும்பச் செலுத்தினார்கள். ஈ6, ஈ7 அடங்கின. பி53 திரும்பி வந்தது. அரை நூற்றாண்டாகப் பிரிந்துகொண்டிருந்த கலங்கள் பிரிவதை நிறுத்தி முதுமையடைந்தன. வேறு ஆய்வுகளில் அவை தாமாகவே இறந்தன. மற்றப் பல புற்றுநோய்களில் பி53இன் பரம்பரை அலகே கெட்டுப் போயிருக்கும். இந்தப் புற்றுநோயில் அது பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. வேலை செய்ய விடப்படவில்லை, அவ்வளவுதான். இதை மருந்தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வராமல் தடுக்கவும், வந்ததை முன்கூட்டியே பிடிக்கவும் வழிகள் இன்றே நம் கையில் இருக்கின்றன.

முதலாவது தடுப்பூசி. 2017இலிருந்து நம் நாட்டில் ஆறாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே, இலவசமாக, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளாக இது கொடுக்கப்படத் தொடங்கியது. அதில் உயிருள்ள வைரசு இல்லை. வைரசின் வெற்றுக் கூடு மட்டும்தான். டி.என்.ஏ. இல்லாத கூட்டால் தொற்றும் வராது, புற்றுநோயும் வராது. பிள்ளைப்பேற்றையும் அது பாதிக்காது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிராக உடலைத் தயார்படுத்துகிறது. ஒரு தாய் என்னிடம் கோபமாகக் கேட்டார்: "டொக்டர், வயசுக்கே வராத பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி?" நியாயமான கேள்வி. வைரசு கலத்துக்குள் புகுவதற்கு முன் காவல் நிற்க வேண்டும். புகுந்த பிறகு இந்த ஊசியால் அதை வெளியேற்ற முடியாது. அதனால்தான் பத்து, பதினொரு வயது. மாரிகாலம் தொடங்கிய பின் யாரும் கூரை வேய்வதில்லை.

ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலர் 2017க்கு முன்பே ஆறாம் தரத்தைக் கடந்தவர்கள். நமக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. நமக்கு உள்ளது இரண்டாவது வழி, பரிசோதனை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இதைச் செய்துகொள்ளலாம். ஐந்து நிமிட வேலை, காசு இல்லை. புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் தென்பட்டால், அந்த இடத்தைச் சூடாக்கியோ குளிர்வித்தோ அழிக்கலாம், அல்லது மெல்லிய மின்கம்பி வளையத்தால் எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். உதிர மறுத்த கலங்களை நாமே உதிர்த்துவிடுகிறோம்.

இது பெரிய நகரங்களுக்கு மட்டும் சரிவரும் வேலை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற தாதியர், வினாகிரியில் உள்ள அதே அசற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை வழங்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் 35 வீதம் குறைந்தன. மகாராஷ்டிராவின் ஒஸ்மனாபாத் கிராமங்களில் ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை செய்ததில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று 2009இல் அறிவித்தார்கள். அங்கே இருந்தவர்களும் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, தங்களைக் கடைசியாகக் கவனிக்கும் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்களுக்கு வீட்டுக்கே கடிதம் வரும். அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிடுவதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 25 வயதிலிருந்து 64 வரை அழைக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 2017 டிசெம்பரிலிருந்து பாப் பரிசோதனைக்குப் பதிலாக ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை, 2022 யூலையிலிருந்து விரும்பினால் மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்துக்கு இனி அங்கே சாட்டு இல்லை.

கூச்சம் என்றதும் இன்னொன்று. எச்.பி.வி. இருக்கிறது என்ற முடிவு ஒருவருடைய நடத்தைக்குத் தரும் சான்றிதழ் அல்ல. வாழ்நாளெல்லாம் ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரலாம். இருபது வருடத்துக்கு முன் வந்தது இப்போது தெரியலாம். இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். கணவன்மாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு 35 வயதானபோது எங்கள் பகுதி மிட்வைஃப் வந்து கிளினிக் திகதியைச் சொன்னார். பெரியம்மாவைப் பறிகொடுத்த நான், தினமும் மற்றவர்களுக்கு இதைச் சொல்லும் நான், "அடுத்த மாதம் பார்ப்போம் மிஸ்" என்று இரண்டு வருடம் கடத்தினேன். ஒரு நாள் அவர் வாசலில் நின்று, "டொக்டர், நீங்களே வராட்டி நான் லயத்தில இருக்கிற பொம்பளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். அடுத்த கிளினிக்குக்குப் போனேன். என் பக்கத்தில் வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் தோட்டத்துப் பெண்கள். என்னைக் கண்டதும் ஒரு அம்மா, "டொக்டரம்மாவுமா?" என்றார். "ஆமாம்மா, நானும்தான்" என்றேன். அவர் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்தேன். என் முடிவு நலமாக வந்தது. 45இல் மறுபடி போனேன். ஒரு நாளும் பிந்தவில்லை.

ஆகவே நூறு வயது கண்ட இந்தப் பாடசாலையின் பிள்ளைகளாகிய உங்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆறாம் தரத்துப் பிள்ளை இருந்தால் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள். உங்களுக்கு 35 அல்லது 45 ஆகியிருந்தால் இந்த வாரமே திகதி எடுங்கள். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் பட்டால், இடையில் பட்டால், உறவின் பின் பட்டால், துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டால், கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். தேர் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் சின்னம்மாவிடமும் கேளுங்கள்: "நீங்கள் கிளினிக்குக்குப் போனீர்களா?" படிக்கிற பிள்ளை கேட்கலாம். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.